களஞ்சியப் பூனைக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கும் முறை

அருவி வெட்டிச் சூடு மிதித்து நெல்லை வீட்டிற் சேர்த்த பின்னரும் கமக்காரரின் கவலை தீர்வதில்லை. வயலில் அழித்தது போதாதென்று எலிகள் களஞ்சியத்தையும் தேடி வருகின்றன. அவை தின்பது சிறிது. சிறுநீராலும் எச்சத்தாலும் கெடுப்பது பெரிது. ஆதலாலேயே நெல் வைத்திருக்கும் வீடுகளிலும், மரக்கறி விதையும் வெங்காயமும் கட்டி வைத்திருக்கும் கொட்டில்களிலும் பூனை வளர்ப்பது நம்மவர் வழக்கமாயிற்று. பூனை எலியை முற்றாக ஒழித்துவிடும் என்று சொல்வதற்கில்லை. எனினும் அது உலாவும் இடத்தில் எலி அச்சமின்றிக் குடிகொள்ளாது.

இவ்வாறு உழைக்கும் பூனை நோயுற்றால் நாம் செய்வது யாது? பெரும்பாலும் வீட்டிற் கிடக்கும் ஏதாவதொரு குளிசையை எடுத்துப் பாதியாக உடைத்துக் கொடுக்கின்றோம். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இக்காரியமே பூனைக்குக் கேடாக முடிவதுண்டு. வீட்டாருக்கும் அதனால் தீங்கு நேரலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மிருக வைத்தியரின் சீட்டின்படி, அவர் குறித்த அளவில், குறித்த நாள்வரை கொடுக்கப்படும்போதே மருந்தாகின்றது. இதனை நீங்கள் விளங்கிக் கைக்கொள்ளுதற் பொருட்டே இத்துண்டுப் பிரசுரம் எழுதப்பட்டது.

நுண்ணுயிர்க்கொல்லி என்பது யாது?

அன்ரிபயோற்றிக் எனப் பலரும் அழைக்கும் மருந்துகளே நுண்ணுயிர்க்கொல்லிகளாம். இவை பற்றீரியா என்னும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களைக் கொல்லும். அல்லது அவை பெருகாது தடுக்கும். 1928ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அலெக்சாந்தர் பிளெமிங் என்னும் அறிஞர் பெனிசிலினைக் கண்டறிந்தார். அதன் பின்னர் இவ்வகை மருந்துகள் பல தோன்றின. மனிதருக்கும் மாட்டிற்கும் கோழிக்கும் பூனைக்கும் பயன்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளுட் பல ஒரே இனத்தைச் சேர்ந்தவையே. ஆனால் மருந்து ஒன்றாயிருப்பினும் அளவு ஒன்றன்று. கொடுக்கும் முறையும் ஒன்றன்று.

எந்நோய்க்கு உதவும், எந்நோய்க்கு உதவாது?

நுண்ணுயிர்க்கொல்லி பற்றீரியாவால் உண்டாகும் நோய்க்கே உதவும். வைரசால் உண்டாகும் நோயை அது தீர்க்காது. பூனைகளுக்கு வரும் தும்மல், கண்ணீர், மூக்குச்சளி முதலியன பெரும்பாலும் வைரசுகளால் தொடங்குகின்றன. இளம் பூனைகள் பல இந்நோயிலிருந்து நல்ல உணவாலும் பராமரிப்பாலும் தாமே தேறிவிடும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ தடித்து, பூனை உணவை மறுத்துச் சோர்ந்து கிடக்குமாயின், பற்றீரியாவும் சேர்ந்துகொண்டதா என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

கடுவன் பூனையொன்று சிறுநீர் கழிக்க அடிக்கடி முக்கியும், சிறுநீர் வராது வேதனைப்பட்டுக் கத்துமாயின், அதனைக் கிருமி நோயென எண்ணிக் குளிசை கொடுத்துக் காத்திருத்தல் பெரும் பிழையாகும். இது பெரும்பாலும் சிறுநீர் வழி அடைபட்டதன் அறிகுறியாம். அடைப்பை நீக்காவிடின் இரண்டு மூன்று நாளில் பூனை இறந்துவிடும். அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும்.

எலிநஞ்சு வைத்த காலங்களில் இன்னுமொரு விடயத்தையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். எலிநஞ்சுகளுட் சில இரத்தத்தை உறையவிடாது செய்வன. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனைக்கு முரசிலும் மூக்கிலும் இரத்தம் கசியலாம், மூச்சு முட்டலாம், பூனை வெளிறிச் சோரலாம். இதற்கு நுண்ணுயிர்க்கொல்லியால் யாதொரு பயனும் இல்லை. எலிநஞ்சின் பொதியுறையையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் விரைதல் வேண்டும்.

கடிகாயமும் சீழ்க்கட்டியும்

நாட்டுப் பூனைகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும் காரணங்களுட் பெரும்பான்மையானது சண்டைக் காயமாகும். பூனையின் பல் ஊசிபோற் கூரியது. அது தோலைத் துளைத்துச் சென்றதும் மேலேயுள்ள சிறு துளை விரைவில் மூடிக்கொள்ளும். பல்லுடன் உட்சென்ற பற்றீரியாக்கள் உள்ளே தங்கிப் பெருகும். இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் அவ்விடம் வீங்கிச் சூடேறி நோவெடுக்கும். பூனை உண்ணாது மூலையில் ஒடுங்கும், தொட்டாற் சீறும். தலை, கழுத்து, முன்கால், வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்தால் கட்டி தென்படும்.

இக்கட்டிக்கு முதன்மையான சிகிச்சை சீழை வெளியேற்றுவதேயாகும். சீழ் நிறைந்த இடத்துள் மருந்து எளிதிற் புகாது. ஆகவே கட்டியைத் திறந்து கழுவாமற் குளிசை மட்டும் கொடுப்பது, வாய்க்காலை அடைத்து வைத்துவிட்டு வயலுக்கு நீர் பாயவில்லையே எனக் காத்திருப்பதற்கு ஒப்பாகும். மிருக வைத்தியர் பூனைக்கு நோவு தெரியாதவாறு செய்து கட்டியைத் திறப்பார். நல்ல உடல்நிலையிலுள்ள பூனைக்குச் சிலவேளை சீழை வெளியேற்றிக் கழுவினாலே போதுமாயிருக்கும். அப்பொழுது வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி எழுதாவிடின், மருந்து தாருங்கள் என்று வற்புறுத்தலாகாது. காய்ச்சல் இருப்பினும், தொற்று பரவியிருப்பினும், மூட்டருகே கடிபட்டிருப்பினும் அவர் தக்க மருந்தை எழுதுவார்.

கட்டி தானே உடைந்து சீழ் வடியுமாயின், கொதிக்கவைத்து ஆறிய நீர் அரை லீற்றரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, தூய துணியை அதில் நனைத்து, மெதுவாக ஒற்றித் துடைக்கலாம். அதன்பின் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். புண்ணில் மண்ணெண்ணெய், பினாயில் போன்ற கழுவு மருந்துகள், பயிருக்குத் தெளிக்கும் பூச்சிநாசினி ஆகியவற்றை ஒருபொழுதும் இடலாகாது. பூனை தன்னுடலை நக்கும் இயல்புடையது. ஆதலாற் புண்ணிலிட்டது வயிற்றுக்குள்ளும் செல்லும். பேர்மெத்திரின் என்னும் பூச்சிநாசினி தோல்வழியாகவே பூனைக்கு நஞ்சாகி, நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கும். நாய்க்கு உண்ணி போக்க விற்கப்படும் மருந்துகளுட் சிலவற்றிலும் இது உண்டு. புண்ணிற் புழு வைத்திருப்பின் அதனை அகற்றுவதையும் வைத்தியரிடமே விடுதல் வேண்டும்.

வீட்டிலுள்ள மருந்தை ஏன் கொடுக்கலாகாது?

பூனையைச் சிறிய மனிதனாகவோ சிறிய நாயாகவோ எண்ணலாகாது. மனித ஈரல் சில மருந்துகளை மாற்றி எளிதில் வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. இதனை நான்கு உதாரணங்களால் விளக்குவோம்.

முதலாவது, பனடோல் முதலிய பெயர்களில் விற்கப்படும் பரசிற்றமோல். இது நுண்ணுயிர்க்கொல்லி அன்று. எனினும் காய்ச்சலுக்கென்று நுண்ணுயிர்க்கொல்லியுடன் சேர்த்து இதனைப் பூனைக்குக் கொடுப்போர் உளர். 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதியது. அதனிலுங் குறைந்த அளவும் கொல்லக்கூடும். இரத்தம் உயிர்வாயுவைக் கொண்டு செல்லும் ஆற்றலை இழக்கும். முரசு கபில நிறமாகும். முகமும் பாதங்களும் வீங்கும். பூனைக்குப் பாதுகாப்பான பரசிற்றமோல் அளவு என்று ஒன்று இல்லை. தவறிக் கொடுத்துவிட்டால் அறிகுறி தோன்றும்வரை காத்திராது உடனே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, அமொக்சிசிலினும் கிளவுலானிக் அமிலமும் சேர்ந்த குளிசை. சண்டைக் காயத்திற்குப் பூனைக்கும் இது கொடுக்கப்படுகின்றது. மனிதருக்குரிய குளிசை பெரும்பாலும் 625 மில்லிகிராம் கொண்டது. நடுத்தரமான பூனைக்கென ஆக்கப்பட்ட குளிசையோ 62.5 மில்லிகிராம் கொண்டது. அஃதாவது பத்திலொரு பங்கு. கத்தியினால் ஒரு குளிசையைப் பத்துச் சம துண்டுகளாக வெட்டுதல் எவராலும் இயலாது. ஒருநாள் மிகையும் ஒருநாள் குறையுமாகவே போய்ச் சேரும்.

மூன்றாவது, டொக்சிசைக்கிளின். இது கமக்காரர் பலரின் வீட்டில் உள்ள மருந்து. எலிக்காய்ச்சல் பரவும் பிரதேசங்களில், வயலில் இறங்குவோருக்குக் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் வீதம் உட்கொள்ளுமாறு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலாக இது வழங்கப்படுகின்றது. பூனையின் சளிக்கும் கண்நோய்க்கும் வைத்தியர்கள் இம்மருந்தை எழுதுவதும் உண்டு. ஆனால் இக்குளிசை பூனையின் தொண்டைக்குக் கீழே உணவுக் குழலில் ஒட்டிக்கொண்டால், அவ்விடத்தை எரித்துப் புண்ணாக்கும். புண் ஆறும்போது குழல் சுருங்கிவிடும். சில நாட்கள் அல்லது கிழமைகள் கழித்துப் பூனை உண்டதையெல்லாம் கக்கத் தொடங்கும். ஆகவே வைத்தியர் அளவறிந்து எழுதினாலன்றி இதனைக் கொடுக்கலாகாது. எழுதியபோதும் வெறும் வாயில் விழுங்கச் செய்யலாகாது.

இங்கே வேறொரு நட்டமும் உண்டு. உங்களுக்கென வழங்கப்பட்ட குளிசையைப் பூனைக்குக் கொடுத்துவிட்டால், அக்கிழமை நீங்கள் காப்பின்றி வயலில் இறங்குகின்றீர்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் நிற்பவர் நீங்களே. களஞ்சியத்தைக் காக்கும் பூனையின்மேல் உள்ள இரக்கத்தால் வீட்டின் உழைப்பாளி நோயுறலாகாது. இருவருக்கும் மருந்து வேண்டும். அவரவர் மருந்தை அவரவர் வைத்தியரிடமே பெறுதல் வேண்டும்.

நான்காவது, கோழிக்கு நீரிற் கலந்து கொடுக்கும் என்ரோபுளொக்சசின். இம்மருந்து ஒரு நாளைக்குப் பூனையின் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 5 மில்லிகிராமை விஞ்சினால், கண்ணின் உட்படலத்தைக் கெடுத்துப் பூனையைக் குருடாக்கக்கூடும். நூற்றுக்கு 10 பங்கு மருந்துள்ள திரவத்தின் ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் உண்டு. நான்கு கிலோகிராம் நிறையுள்ள பூனைக்கு மேல் எல்லை 20 மில்லிகிராம். ஆகவே ஒரு மில்லிலீற்றர் ஊற்றுபவர் ஐந்து மடங்கு கொடுத்தவராகின்றார். குருடான பூனை எலி பிடிப்பது எங்ஙனம்?

மிருக வைத்தியரிடம் செல்லும்போது

உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ தனியார் மிருக வைத்தியரிடமோ பூனையைக் காட்டலாம். பூனையை மூடியுள்ள கூடையிலோ, காற்றோட்டத்திற்குத் துளையிட்ட உறுதியான பெட்டியிலோ வைத்து, வாயைக் கட்டிக் கொண்டு செல்க. கையிற் சுமந்து சென்றால் நாயைக் கண்டதும் பாய்ந்தோடிவிடும்.

பூனையின் நிறை தெரிந்திருப்பது நன்று. மருந்தளவு நிறையைப் பொறுத்தது. மரக்கறி நிறுக்கும் தராசு உங்களிடம் உண்டு. பூனையைக் கூடையோடு நிறுத்து, வெறுங்கூடையின் நிறையைக் கழித்துக்கொள்க. கூடையோடு 5 கிலோ 200 கிராமும், கூடை மட்டும் 1 கிலோ 400 கிராமுமாயின், பூனையின் நிறை 3 கிலோ 800 கிராமாகும்.

வைத்தியரிடம் பின்வருவனவற்றை மறைக்காது சொல்லுதல் வேண்டும்:

1. நோய் எப்போது தொடங்கியது, பூனை கடைசியாக எப்போது உண்டது.
2. ஏற்கெனவே கொடுத்த மருந்துகள் யாவை. கைவைத்தியமும் இதில் அடங்கும்.
3. பெட்டைப் பூனையாயின் அது சினைப்பட்டுள்ளதா, குட்டிக்குப் பால் கொடுக்கின்றதா. வளரும் குட்டிகளின் பற்களைக் கறைப்படுத்தும் மருந்துகள் உள்ளமையால் இது முக்கியம்.
4. முன்னர் ஏதேனும் மருந்தால் வாந்தி, வீக்கம், மூச்சிழைப்பு முதலியன ஏற்பட்டனவா.
5. பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றப்பட்டுள்ளதா.

திரும்புமுன், ஒரு வேளைக்கு எவ்வளவு, நாளுக்கு எத்தனை வேளை, எத்தனை நாள், உணவுக்கு முன்னா பின்னா என்னும் நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். எவருக்கும் பிடிபடாத பூனைக்குக் குளிசை கொடுக்க இயலாதென்பதை வெட்கமின்றிச் சொல்லிவிடுக. ஒருமுறை ஏற்றினால் ஏறக்குறைய இரு கிழமைக்குப் பயன்தரும் ஊசிமருந்தும் உண்டு. அது பொருந்துமா என்பதை வைத்தியர் சொல்வார்.

குளிசை கொடுக்கும் முறை

வைத்தியர் உணவுடன் கொடுக்கலாம் என்று சொல்லியிருப்பின், முள் நீக்கிய சிறு மீன் துண்டினுள் குளிசையைப் பொதிந்து, பூனை பசித்திருக்கும்போது கொடுப்பதே எளிய வழி. முதலில் மருந்தில்லாத துண்டொன்றும், பின்னர் மருந்துள்ளதும், அதன்பின் மீண்டும் மருந்தில்லாததும் கொடுக்க. பூனை விழுங்கியதைக் கண்ணாற் பார்த்தல் வேண்டும். சில பூனைகள் மீனைத் தின்று குளிசையைத் துப்பிவிடும். டொக்சிசைக்கிளினைப் பாலுடன் கொடுக்கலாகாது. பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதன் பயனைக் குறைக்கும்.

உணவுடன் உண்ணாத பூனைக்குப் பின்வருமாறு கொடுக்கலாம்:

1. ஒருவர் பூனையைச் சாக்கிலோ தடித்த துணியிலோ கால்கள் வெளிவராதவாறு சுற்றி, மேசைமேல் வைத்துப் பிடித்தல் வேண்டும். கழுத்தை இறுக்கலாகாது.
2. மற்றவர் ஒரு கையாற் பூனையின் தலையை மேலிருந்து பற்றி, கன்ன எலும்புகளில் விரல்களைப் பதித்து, மூக்கை மெதுவாக மேல்நோக்கிச் சாய்த்தல் வேண்டும். அப்போது கீழ்த்தாடை சிறிது தளரும்.
3. மறு கையின் விரலாற் கீழ்த்தாடையைத் தாழ்த்தி, குளிசையை நாவின் அடிப்பகுதியில் இடுதல் வேண்டும்.
4. வாயை மூடிப் பிடித்துத் தொண்டையை மெல்லத் தடவுதல் வேண்டும். பூனை மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று கொள்ளலாம்.
5. பின்னர் ஊசி கழற்றிய சிரிஞ்சினால் 5 அல்லது 6 மில்லிலீற்றர் நீரை வாயின் ஓரத்தால் சிறிது சிறிதாகப் புகட்டுதல் வேண்டும். அல்லது மெதுவான உணவு சிறிது உண்ணக் கொடுத்தல் வேண்டும். டொக்சிசைக்கிளின் கொடுத்தபின் இப்படியை ஒருபொழுதும் தவறவிடலாகாது.

திரவ மருந்தாயின் ஒவ்வொரு முறையும் குப்பியைக் குலுக்கி, சிரிஞ்சினால் அளந்து, கன்னத்தின் உட்புறமாக மெதுவாகச் செலுத்துக. தொண்டைக்குள் விரைவாகப் பீச்சினால் நுரையீரலுட் சென்றுவிடும். தேக்கரண்டியால் அளத்தல் நம்பத்தக்கதன்று. நீர் கலந்து ஆக்கிய திரவ மருந்தை உறையிற் சொல்லியவாறு குளிரில் வைத்து, குறித்த நாள் கடந்ததும் பாவியாது விடுதல் வேண்டும்.

கணக்கு வைத்துக் கொடுத்தல்

நாளுக்கு இருவேளை என்றால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்பது பொருள். வயலுக்குப் புறப்படுமுன் காலை 6 மணிக்கும், விளக்கேற்றும் நேரம் மாலை 6 மணிக்கும் என வைத்துக்கொண்டால் மறதி ஏற்படாது. நாட்காட்டியில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு இடுக. வீட்டில் இருவர் மருந்து கொடுப்பதாயின் இக்கோடு இன்றியமையாதது. அன்றேல் ஒரே வேளை இருமுறை கொடுக்கப்படும். ஒருவேளை தவறினால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் தவறியதை விட்டுவிடுக. இருவேளை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாகாது.

இரண்டாம் நாளிலேயே பூனை உண்டு விளையாடத் தொடங்கலாம். அதனைக் கண்டு மருந்தை நிறுத்திவிடலாகாது. எஞ்சிய தொற்று மீண்டும் தலைதூக்கக்கூடும். வைத்தியர் குறித்த நாள்வரை கொடுத்தல் வேண்டும். அவர் குறித்ததற்கு மேலாக இன்னும் சில நாள் கொடுப்பதும் நன்றன்று. இரண்டு மூன்று நாளாகியும் குணம் காணாவிடின், மருந்தின் அளவை நீங்களே கூட்டாது மீண்டும் வைத்தியரிடம் காட்டுக. நோய் வேறாயிருக்கலாம், மருந்து மாற்றப்பட வேண்டியதாயும் இருக்கலாம்.

சில பூனைகளுக்கு மருந்தால் இலேசான வயிற்றோட்டமோ பசிக்குறைவோ வருவதுண்டு. தொடர்ந்து வாந்தி எடுத்தாலும், முகம் வீங்கினாலும், மூச்சு இழைத்தாலும், தள்ளாடி நடந்தாலும், இருளில் முட்டி மோதினாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடாது வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். பூனை இரண்டு மூன்று நாட்கள் ஒன்றும் உண்ணாதிருத்தல் அதன் ஈரலையே கெடுக்கும். ஆதலால் மருந்தைப் போலவே உணவையும் கவனித்தல் வேண்டும்.

மருந்துக்கு அடங்காத பற்றீரியா

நெல் விளைவிக்கும் உங்களுக்கு இதனை விளக்குதல் எளிது. கபிலநிறத் தத்தி கண்ட வயலில் ஒரே பூச்சிநாசினியைப் போகத்துக்குப் போகம் தெளித்தால் நேர்வது யாது? எளிதில் இறப்பவை இறந்துவிட, தாங்கும் வலிமையுடையன எஞ்சும். அவற்றின் சந்ததியே வயலை நிறைக்கும். பின்னர் எவ்வளவு தெளித்தும் பயனில்லை. பற்றீரியாவின் கதையும் இதுவே. தேவையின்றியும் அளவு குறைத்தும் மருந்து கொடுக்கும்போது, மருந்தைத் தாங்கவல்ல பற்றீரியாக்களை நாமே தெரிந்தெடுத்து வளர்க்கின்றோம்.

பெனிசிலினைக் கண்ட பிளெமிங் 1945ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவு மருந்தால் நுண்ணுயிர்கள் எதிர்ப்பாற்றல் பெறும் என்று எச்சரித்தார். அவர் அஞ்சியது நிகழ்ந்துவிட்டது. மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றே நேர்க்காரணமாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் மக்கள் இறந்தனர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

பூனை களஞ்சியத்திலும் அடுப்படியிலும் உலாவுவது. பிள்ளைகள் மடியிற் படுப்பது. அதன் வாயிலும் தோலிலும் குடலிலும் வாழும் பற்றீரியாக்கள் வீட்டாரின் கைகளுக்கும் வருகின்றன. ஆகவே பூனையின் உடலில் மருந்துக்கு அடங்காத பற்றீரியா வளருமாயின், அது பூனையோடு நின்றுவிடும் என்று கொள்வதற்கில்லை. நாளை உங்கள் பிள்ளையின் காயத்திற்கு வேண்டிய மருந்து வேலை செய்யுமா என்பது, இன்று நாம் மருந்தைக் கையாளும் முறையையும் பொறுத்ததாகும்.

எஞ்சிய மருந்தை அடுத்த முறைக்கென்று சேமித்து வைக்கலாகாது. அயல்வீட்டுப் பூனைக்கும் கொடுக்கலாகாது. வாய்க்காலிலும் கிணற்றருகிலும் வயலிலும் எறிவதும் தவறு. வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ ஒப்படைத்து, அழிக்கும் வழியைக் கேட்டறிக.

வீட்டாரின் பாதுகாப்பு

மருந்து கொடுக்கும்போது பூனை கடித்துவிடலாம். கையிற்பட்ட பூனைக்கடி சிறு துளையாகத் தோன்றினும், ஒரு நாளுக்குள் வீங்கிச் சீழ்கொள்ளும் இயல்புடையது. அன்றியும் விசர்நோய் பூனையாலும் பரவும். ஆகவே கடித்த இடத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். பூனைக்கு எழுதிய மருந்தை மனிதர் விழுங்கலாகாது.

காரணமின்றிப் பாய்ந்து கடித்தும், குரல் மாறியும், எச்சில் வடித்தும், விழுங்க இயலாதும் இருக்கும் பூனையின் வாயில் கையை வைக்கவே கூடாது. அதனை நெருங்காது, பிள்ளைகளை அகற்றி, மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்க.

வருமுன் காத்தல்

மருந்தின் தேவையையே குறைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. கடுவன் பூனையை மிருக வைத்தியரைக்கொண்டு நலமடிப்பித்தால், அது அலைவதும் சண்டையிடுவதும் குறையும்; சீழ்க்கட்டியும் குறையும். ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுவிக்க. பசித்த பூனையே நன்றாக எலி பிடிக்கும் என்று எண்ணி உணவைக் குறைப்போர் உளர். பட்டினியாற் பூனை மெலிந்து நோய்க்கு எளிதில் ஆளாவதே அதன் விளைவு. நாள்தோறும் உணவும் தூய நீரும் வைக்க. எலிநஞ்சு வைக்கவேண்டி நேர்ந்தால் பூனை அணுகாத பெட்டியினுள் வைத்து, இறந்த எலிகளை உடனுக்குடன் பொறுக்கிப் புதைக்க. கிழமைக்கு ஒருமுறை பூனையின் உடல் முழுவதையும் தடவிப் பார்த்தால், காயத்தைச் சீழ்கொள்ளுமுன் கண்டுகொள்ளலாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மிருக வைத்தியரின் சீட்டின்றிப் பூனைக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கலாகாது.
2. பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு.
3. உங்களுக்கும் கோழிக்கும் மாட்டிற்கும் தந்த மருந்து பூனைக்கு ஆகாது.
4. நிறையறிந்து, அளவறிந்து, நேரந்தவறாது கொடுக்க.
5. குளிசைக்குப் பின் நீரோ உணவோ கொடுக்க.
6. குணம் கண்டதும் நிறுத்தற்க. குறித்த நாளுக்கு மேல் நீட்டற்க.
7. எஞ்சிய மருந்தைச் சேமித்து வைக்கற்க.
8. சிறுநீர் அடைபட்ட பூனையை அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்க.